தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று

99991 ஒரு முதன்மை எண் என்று மகளின் கைபேசி நொடியில் சொன்னது. நாரந்தனை ஊர் வீட்டுக் குசினியின் அடுப்புப் புகைக்குள், கலண்டர்த் தாளின் பின்புறம் அதே எண்ணை வகுத்துக்கொண்டிருந்த அக்கா நினைவுக்கு வந்தாள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் அது மீதியின்றிப் பிரிபடாது என்று நிறுவப் பார்த்தாள்.

“316 வரைக்கும் பாத்தால் காணும். வர்க்கமூலம் அவ்வளவுதான்,” என்பாள்.

211 வரை வந்திருந்த அன்று காலை ஷெல் விழத் தொடங்கியது. அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினா. மாடுகளை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொன்ன அப்பா வரவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒருநாள் வகுப்பறையில் கிடந்த வெண்கட்டியை அக்காவிடம் நீட்டினேன்.

“மிச்சத்தையும் பிரிச்சுப் பாரன், அக்கா.”

அவள் அதை வாங்கி வெறும் கரும்பலகையின் கீழே வைத்தாள்.

“பிரிஞ்சாலென்ன, பிரியாட்டிலென்ன,” என்றாள்.

அதன்பிறகு அவள் கணக்குச் செய்து நான் பார்த்ததில்லை.