சிஸ்டர் ஓடவிட்ட காட்சி

எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் சில நாட்களில் படம் போடுவார்கள். மடத்துச் சிஸ்டர் ஒருவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன் கதிரையில் இருப்பார். திரையில் ஆணும் பெண்ணும் சற்று நெருங்கினால் போதும், காட்சி தலைதெறிக்க ஓடும். நாங்கள் குனிந்து சிரிப்போம். கடற்காற்றில் சன்னல் துணி எழும்பினால் வெளிச்சம் விழுந்து முகங்கள் பாதி அழியும்.

அங்கேதான் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படத்தைப் பார்த்தோம். மருத்துவர் ஒருவரின் மாமனார் பாலைக் குடித்துவிட்டு இறந்துபோவார். பாலைக் காய்ச்சியது மருத்துவரின் மனைவி. கடைசியில் மருத்துவர் படியிறங்கிப் பொலிஸ் ஜீப்பில் ஏறுவார். அவ்வளவுதான்.

அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று மண்டபமே சொன்னது. ஏன் கொன்றார் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. அம்மா மட்டும் தனியே நின்றார்.

“அவர் சாட்சி சொல்லப் போறார். செய்தது அவள்தான். சொந்தத் தேப்பனுக்கே நஞ்சு வைச்சவள்.”

அம்மாவோடு மீன் உலர்த்தும் வாடியில் வேலை செய்த பெண்கள் இதை விடவே இல்லை. வருடங்கள் போனபின்பும், “டொக்டரின்ர அப்புக்காத்து வாறா” என்று பகிடி பண்ணுவார்கள். வக்கீலாக நின்று வழக்காட யாரும் அம்மாவைக் கூப்பிடவில்லை, ஆனாலும் அவர் தன் கட்சிக்காரரைக் கைவிடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பல்கலைக்கழகம்வரை ஏறிய நான் எத்தனையோ நியாயம் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

இந்த வருடம் அந்தப் படத்தைப் புதிதாக எடுத்திருந்தார்கள். வேலைக்குப் போனபின் நான் வாங்கிய தொலைக்காட்சியில் இருவரும் பார்த்தோம். பழையதில் பால் கிளாஸ் படியேறும்போது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், மண்டபம் மூச்சுவிடாது. புதியதில் பால் கோப்பியாகிவிட்டது. எங்கே பயப்படவேண்டும் என்பதை இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முடிவையும் மாற்றிவிட்டார்கள். கொலைகாரி மனைவி.

“பாத்தியே பிள்ளை, நான் சொன்னனான்தானே.”

அடுத்த நாள் வாடியில் அம்மாதான் ராணி. இது வேறு படம் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய படத்தை இணையத்தில் தேடிப் பிடித்து, ஞாயிறு மத்தியானம் போட்டேன்.

பாதியில், நாங்கள் ஒருபோதும் பார்த்திராத காட்சி வந்தது. மருத்துவர், மாமனாரைக் கவனிக்க வீட்டில் இருந்த தாதியின் அறைக்குள் போய் அவள் தோளில் கை வைக்கிறார். சிஸ்டர் பட்டனை அமத்திய இடம் இதுதான். இந்த முறை அது ஓடவில்லை. அவள் அவர் மார்பில் சாய்கிறாள். கிழவனின் சொத்து கைக்கு வரட்டும் என்கிறார் அவர். அவள் ஒரு சின்னப் போத்தலை அவர் கையில் வைக்கிறாள்.

சிஸ்டரின் கூச்சம்தான் அந்த மனிதனை இத்தனை காலம் நல்லவனாக வைத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. ஜீப் போனபிறகும் வாசலில் தனியே நின்ற மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேப்பனும் இல்லை, புருசனும் இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் நான் இவ்வளவு காலமும் பேசினனான்.”

பிறகு, நாளைக்கு வாடியில் இதைச் சொல்லவேண்டும் என்றார். அவர்கள் இன்னும் கூடப் பகிடி பண்ணுவார்கள், விடுங்கள் அம்மா, என்றேன்.

“பண்ணட்டும். அவளைக் கூடாதவள் எண்டு ஊருக்குச் சொன்னது நான்தானே.”