தும்மாம எடுத்த படம்

மீனம்பாக்கத்துல பம்பாய் ஃப்ளைட் இறங்குற சத்தம் கேட்டா இன்னிக்கும் எனக்குக் கை பரபரங்கும். மத்தவங்களுக்கு அதுல அத்தை வருவாங்க, மாமா வருவாரு. எனக்கு வர்றது ஒரு ஈயக் குடுவை. சுத்தி ஐஸ், நடுவுல சின்னக் கண்ணாடி பாட்டில், அதுக்குள்ள பாக்கத் தண்ணி மாதிரியே இருக்குற ஒரு மருந்து. அது சும்மா இருக்குற மருந்து இல்ல, கதிர் வீசிக்கிட்டே இருக்கும், நாள் ஆக ஆக சக்தி குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால ஃப்ளைட் லேட்டுன்னு சொன்னா கவுண்டர்ல போய் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டு நிப்பேன்.

தொண்ணூறுகளோட ஆரம்பம் அது. நான் சிட்டியில ஒரு ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் டெக்னீஷியன். பார்சல் வர்ற அன்னிக்கு ஆஸ்பத்திரி வேன்ல போய் நானே வாங்கிட்டு வருவேன். டிரைவர் அண்ணன் அந்தக் குடுவையைப் பாத்தாலே சீட்டு ஓரத்துக்கு நகர்ந்துடுவாரு. "இன்னாம்மா, பேஜாரான சாமானா கீது, நீ இன்னாடான்னா கொழந்த மாதிரி பக்கத்துல வச்சிகினு வர்ற!" ஈயம் தடுத்துடும் அண்ணான்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டாரு.

என்ன வேலைன்னு யாராவது கேட்டா ஸ்கேன்னு சொல்லுவேன். "எக்ஸ்ரே மாதிரியா?"ம்பாங்க. அங்கதான் எனக்குச் சுர்ருனு ஏறும். எக்ஸ்ரே வெளியில இருந்து உள்ள பாக்குறது. நாங்க மருந்தை ஊசியில ஏத்தி உள்ளயே அனுப்பிடுவோம். அது ரத்தத்தோட சுத்தி, தனக்குப் பிடிச்ச செல் எங்க இருக்கோ அங்க போய் உக்காந்துக்கும். உக்காந்த எடத்துல இருந்து அது விடுற கதிரைக் கேமரா புள்ளி புள்ளியாப் பிடிக்கும். இன்னிக்கு இதுக்கு மாலிக்யூலர் இமேஜிங்னு பேரு வச்சிட்டாங்க. அப்போ எங்க டிபார்ட்மெண்ட் பெரிய டாக்டர், "ஒற்றனை அனுப்பியாச்சும்மா, சேதி வரட்டும்"னு சொல்லுவாரு. அவ்ளோதான்.

பம்பாய்ல இருந்து வந்த அந்த மருந்து, நரம்பு மாதிரியும் சுரப்பி மாதிரியும் ரெண்டுங்கெட்டானா இருக்குற ஒரு வகைச் செல்லைத் தேடிப் போகும். அந்தச் செல்லுல கட்டி வந்தா, சில சமயம் அது கேன்சராவும் இருக்கும். கட்டி இத்துனூண்டுதான் இருக்கும், ஆனா அது கக்குற ஹார்மோன் ஆளையே ஆட்டி வச்சிடும்.

ஆட்டி வச்சது எங்க வீட்டுலயே ஒருத்தியை. என் வீட்டுக்காரரோட தங்கச்சி, என் நாத்தனார். பீர்க்கன்கரணையில எங்க கூடத்தான் இருந்தா, தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சர். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் காரம்னா அவ மிளகாய்.

திடீர்னு மூஞ்சி வெளுத்துப் போகும், தலை வெடிக்கிற மாதிரி வலி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், ஜாக்கெட் நனையுற அளவுக்கு வேர்க்கும். கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிடும், டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ஆளு நல்லா இருப்பா. "நரம்புத் தளர்ச்சி"ன்னாரு ஒரு டாக்டர். "கோபத்தைக் குறைச்சுக்கம்மா"ன்னாரு இன்னொருத்தர். ஸ்கூல்ல பிள்ளைங்க முன்னாடி ஒரு தடவை வந்துடுச்சு. மனநல டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் வேலைன்னுட்டாங்க. என் மாமியார் குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கிட்டாங்க. அதுவும் யார் தலையை? மகன் தலையை! என் வீட்டுக்காரருக்கு இருந்ததே நாலு முடி.

வீட்டுல ஒரு சட்டம் வந்துடுச்சு. அவளுக்குக் கோபம் வரக் கூடாது. டிவி சத்தம் கூடாது, எதிர்ப்பேச்சு கூடாது. அவளும் பயந்து போய் எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டா. நான் வேணும்னே குழம்புல உப்பை அள்ளிப் போட்டாக்கூட "நல்லா இருக்கு அண்ணி"ம்பா. ஐயோ, என்னால தாங்க முடியல! ஏழாம் பொருத்தக்காரி இப்படிப் பூனையாப் போயிட்டா மனுஷிக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் சமையல்கட்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா. "கோபத்துல வரலை அண்ணி. சும்மா வெண்டைக்காய் நறுக்கிட்டு இருக்கேன், அப்பவும் வருது. யாருமே நம்ப மாட்டேங்குறாங்க." நான் நம்பினேன். கூட்டிட்டுப் போய் எங்க டாக்டர்கிட்ட காட்டினேன். அதிர்ஷ்டம், அங்கயே வந்துடுச்சு. பிரஷர் பாத்தா எங்கயோ ஏறிக் கிடக்கு. ஒண்ணுக்கு டெஸ்டுலயும் சந்தேகம் வந்துச்சு. ஆனா வழக்கமா அந்தக் கட்டி வர்ற எடத்துல, அதாவது கிட்னி மேல இருக்குற சுரப்பியில, சி.டி. எடுத்தா ஒண்ணுமே இல்ல. சர்ஜன் கையை விரிச்சுட்டாரு. "எங்கன்னு காட்டுங்க, எடுத்துடறேன். எங்கன்னே தெரியாம வயித்தைத் தொறக்க மாட்டேன்"னாரு. எங்க ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லைன்னா மனநலத்துக்குத்தான் எழுதிக் குடுப்பாங்க. பைத்தியம்னு முத்திரை விழுந்துடும். அதான் அவ பயம், என் பயமும் அதான்.

பார்சலுக்கு எழுதிப் போட்டோம். அவ சாப்பிட்டுட்டு இருந்த மாத்திரை ஒவ்வொண்ணாக் கேட்டு, சந்தேகப்பட்டதை எல்லாம் பெரிய டாக்டர் நிறுத்தினாரு. கழுத்துல இருக்குற தைராய்டு இந்த மருந்துல இருக்குற அயோடினை இழுத்துக்கக் கூடாதுன்னு, முன்னாடியே அயோடின் சொட்டு குடுப்போம். தைராய்டு வயிறு நிறைஞ்சவன் மாதிரி சும்மா கிடக்கும். நான் அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "ஆடாம அசையாம படுக்கணும். ஆடினா படம் கெட்டுடும்." டீச்சர் இல்லையா, தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா.

ஊசி போட்டு மறுநாள் கேமராவுக்கு அடியில படுக்க வச்சேன். அடேங்கப்பா, கல்லு மாதிரி கிடந்தா! இமை கூட ஆடல. திரையில புள்ளி விழ விழ நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஈரல் தெரிஞ்சுது, மூத்திரப்பை தெரிஞ்சுது. வேற ஒண்ணுமே இல்ல. அதுக்கு மறுநாளும் எடுத்தோம். அப்பவும் ஒண்ணும் இல்ல. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "சாரிம்மா"ன்னாரு.

ரெண்டு பேரும் தாம்பரம் ரயில்ல ஏறினோம். லேடீஸ் கம்பார்ட்மெண்ட். நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தேன். பரங்கிமலை தாண்டுறப்ப அவதான் என்னைத் தேத்துனா.

"விடுங்க அண்ணி. நீங்க சொன்ன மாதிரி நான் ஆடவே இல்லையே. ஒரு தும்மல் தும்முனேனா, கவனிச்சீங்களா?"

"எதுக்குத் தும்மணும்?"

"அந்தச் சொட்டு குடிச்சதுல இருந்து ஒரே ஜலதோஷம். மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. கேமராவுக்கு அடியில தும்மிட்டா படம் போயிடுமேன்னு, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புகிட்ட மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கி காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு போட்டுக்கிட்டேன். இன்னிக்குக் காலைலகூட!" அவ மூஞ்சியில ஒரு பெருமை.

நான் சீட்டுல இருந்து துள்ளி எழுந்துட்டேன். "அடிப்பாவி!"ன்னு கத்தின கத்துல மொத்தப் பொட்டியும் திரும்பிப் பாத்துச்சு. மல்லிப்பூ கட்டிட்டு இருந்த ஒரு அம்மா நாரை விட்டுட்டாங்க. மூக்கடைப்பை எடுக்குற அந்த மாத்திரை இருக்கே, எங்க மருந்து செல்லுக்குள்ள நுழையுற அதே கதவை அடைச்சுடும். ஒற்றன் ஊர் எல்லையிலயே நின்னுட்டு வந்திருக்கான்! அதோட, இவ உடம்புக்கு அந்த மாத்திரை எரியுற நெருப்புல எண்ணெய்.

"அந்த மாத்திரை போட்டதுல இருந்து படபடப்பு ஜாஸ்தியா இருந்துச்சா?"

"ஆமா. ஸ்கேன் பயம்னு நெனச்சேன்."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டப்ப ஜலதோஷமே வரலையே! அப்புறம், ஜலதோஷத்தை எல்லாம் யாராவது டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

நியாயந்தானே. எங்க ஊருல ஜலதோஷம் வியாதியில சேத்தி இல்ல, அதுக்குப் போடுறது மருந்துலயும் சேத்தி இல்ல. எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கிறதா, நாலு சாத்து சாத்துறதான்னு தெரியல. பல்லாவரத்துல தரதரன்னு இழுத்துட்டு இறங்கி, எதிர் பிளாட்பாரத்துல வந்த வண்டியில ஏறினோம்.

பெரிய டாக்டர் கிளம்பிட்டு இருந்தாரு. நான் அவரை உக்கார வச்சு ஃபிலிமை வெளிச்சத்துல மாட்டினேன். "சார், கட்டியை விடுங்க. எச்சில் சுரப்பி எங்க? இருதயம் எங்க? எல்லாருக்கும் லேசாவாவது தெரியணுமே, இவளுக்கு அதுவும் இல்லையே! சளி மாத்திரை போட்டிருக்கா சார், அது அங்கயும் கதவை அடைச்சிருக்கு!" அவர் மூக்கை ஃபிலிம்ல ஒட்டிக்கிட்டுப் பாத்தாரு. அப்புறம் அவளைப் பாத்து, "இனிமே டீ குடிச்சாக்கூட எங்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க"ன்னாரு. அடுத்த பார்சலுக்கு அப்பவே எழுதிட்டாரு.

அது வர்ற வரைக்கும் நான் வீட்டுல போலீஸ். தைலம் கூடத் தடவ விடல. மறுபடி சொட்டு, மறுபடி ஜலதோஷம். கேமராவுக்கு அடியில துண்டை மூக்குல வச்சிக்கிட்டு அவ தும்முறா பாருங்க, கட்டில் குலுங்குது! "தும்மும்மா, நல்லாத் தும்மு!"ன்னு நான் உற்சாகப்படுத்துறேன். ஒவ்வொரு தும்மலுக்கும் நிறுத்தி நிறுத்தி மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை எச்சில் சுரப்பி பளிச்சுனு வந்துச்சு. இருதயம் வந்துச்சு. அதுக்கப்புறம், தொப்புளுக்குக் கீழ, முதுகெலும்பு ஓரமா, புள்ளி மேல புள்ளியா விழுந்து ஒரு பொட்டு! மூத்திரப்பையா இருக்கப் போகுதுன்னு அவளை எழுப்பி பாத்ரூம் அனுப்பிட்டு மறுபடி எடுத்தேன். மூத்திரப்பை மங்கிடுச்சு, பொட்டு மட்டும் அங்கயேதான் நின்னுச்சு.

நான் அந்த ரூம்ல ஆடினேன். வெக்கமே இல்லாம ஆடினேன். பெரிய டாக்டர் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு, "வேற எங்கயும் இல்லைம்மா, ஒண்ணே ஒண்ணுதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பரவி இருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். அவர் கண்ணு மின்னுச்சு. "இதே மருந்தை அளவு கூட்டிக் குடுத்தா, போய் உக்காந்த எடத்தையே சுட்டுடும். வெளிநாட்டுல பாத்துட்டு இருக்காங்க. நாமளும் செய்வோம்"னாரு. காட்டிக் குடுக்குறவனே கணக்கையும் தீர்த்துடுவான்! பிற்பாடு வேற ஆளுங்களுக்கு எங்க கையாலயே செஞ்சோம். ஆனா அன்னிக்கு அந்த வார்த்தையைக் கேட்டதுல வந்த சந்தோஷம் தனி.

அவ மட்டும் படத்துக்குப் பக்கத்துலயே நின்னா. ஆள்காட்டி விரலால அந்தப் பொட்டைத் தொட்டா. "இதுவா?"ன்னா. "இதுதான்"னேன். "அப்போ நான் இல்ல"ன்னா. சொல்லிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. நானும்தான்.

சர்ஜன் சொன்ன சொல் தவறல. பொட்டு இருந்த எடத்துல கத்தி வச்சு, நெல்லிக்காய் அளவுக்கு ஒண்ணை எடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாரும் பழைய பழக்கத்துல பூனை நடை நடந்தாங்க. அவளும் பயந்துக்கிட்டேதான் இருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை நான் அவளோட பட்டுப் புடவையை, சாயம் போகுற என் சிவப்பு ஜாக்கெட்டோட சேத்து ஊறப் போட்டுட்டேன். பக்கெட்டை எட்டிப் பாத்தா. மூஞ்சி செவந்துச்சு. என் மாமியார் "முருகா!"ன்னு அவளைத் தாங்கப் பிடிக்க ஓடுறாங்க.

"கண்ணு எங்க வச்சிருந்தீங்க அண்ணி? மூளை இருக்கா உங்களுக்கு?"ன்னு அவ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க மதிலுக்கு மேல எட்டிப் பாத்தாங்க. நான் விடுவேனா? "பட்டுப் புடவையை எவளாவது அழுக்குக் கூடையில போடுவாளா?"ன்னு நானும் ஏறினேன். வருஷக் கணக்கா முழுங்கினது எல்லாம் வந்துச்சு, உப்புக் குழம்பு உட்பட. நடுவுல சட்டுனு நின்னு, மூச்சு வாங்க, மணிக்கட்டை என் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டினா. "பல்ஸ் பாருங்க அண்ணி! பாருங்க!" பிடிச்சுப் பாத்தேன். சண்டை போடுற எல்லாருக்கும் அடிக்கிற மாதிரிதான் அடிச்சுச்சு. வேர்வை இல்ல, தலைவலி இல்ல. "ஒண்ணும் இல்லடி, வெறும் கோபம்"னேன். அவ ஒரு நொடி சிரிச்சா, உடனே கையை வெடுக்குனு பிடுங்கிக்கிட்டு, "அப்போ இன்னும் நான் முடிக்கல"ன்னு மறுபடி ஆரம்பிச்சா.