பேட்டரி இல்லாத மாலையில் செய்தி ஐயா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவனுக்கு இருட்டில் என்ன பயம்? நீங்களும் நம்பப்போவதில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்பீர்கள், பரவாயில்லை.

எண்பதுகளில் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது, கார் பேட்டரியில்தான் டிவி ஓடும், அதுவும் எங்கள் வீட்டில் மட்டும்தான், அதனால் பொழுது சாய்ந்ததும் லயமே எங்கள் காம்பிராவில் இருக்கும். தமிழ்ச் செய்தி வாசிப்பவரை எல்லோரும் 'செய்தி ஐயா' என்போம். தடித்த மூக்குக்கண்ணாடி, நிதானமான குரல். நாம் அவரைப் பார்ப்பதுபோல் அவரும் நம்மைப் பார்க்கிறார் என்றுதான் பலருக்கு நினைப்பு. அவர் வந்ததும் ஆண்கள் தோளிலிருந்து துண்டை எடுப்பார்கள், பெண்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள், கடைசியில் அவர் வணக்கம் சொன்னால் லயமே பதில் வணக்கம் சொல்லும். என்ன காலம் அது!

அம்மாவின் கதை வேறு. தம்பி ராசு ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க ரயிலேறிய நாளில், 'போயிட்டு வா' என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அன்றோடு பேச்சே நின்றுவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எனக்கு நம்பிக்கை இல்லாமலேயே கோடாங்கியிடமும் குறி கேட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. செய்தி ஐயாவுக்குச் சொல்லும் "வணக்கங்கய்யா" ஒன்றுதான் நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வரும். அதற்காகவே அந்த டிவியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஒருநாள் பேட்டரியைச் சுமந்துகொண்டு சார்ஜ் போட ஹாலிஎலக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா என்னைக் கண்டதுமே, "விஷயம் தெரியுமா? ஒங்கட செய்தி ஐயா காலையில மவுத்தாகிட்டாராம், ரேடியோவுல சொன்னாங்க" என்றார். எனக்கு அம்மாவின் முகம்தான் முன்னால் வந்தது. அந்த ஒரு சொல்லும் போய்விடுமே! டிவியில் சாவைக் காட்டிவிடுவார்கள் என்று பயந்து, பேட்டரியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

மாலையில் அம்மா வழக்கம்போல் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"பேட்டரி கடையில இருக்கும்மா, இன்னைக்குப் படம் வராது" என்றேன். அவள் அசையவில்லை. சாவைக் கேள்விப்பட்ட லயத்து ஆட்கள் யாரும் வரவில்லை. என் மனைவி லெட்சுமி அடுப்படியில் இருந்தாள், நான் வாசலில் நின்றேன். செய்தி நேரம் வந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், அம்மாவின் முகத்தில் டிவி வெளிச்சம் விழுந்தது. அதே குரல் "வணக்கம்" என்றது. செய்தி எதுவும் இல்லை, அது மட்டும்தான்.

"வணக்கங்கய்யா" என்ற அம்மா நிறுத்தவில்லை. "கண்ணாடி இல்லாம கண்ணு தெரியுமாங்க? பாத்துப் போங்க. போயிட்டு வாங்க."

வெளிச்சம் அணைந்தது. "என்னாங்க, அத்தை பேசுறாங்க!" என்று லெட்சுமி ஓடிவந்தாள். அவளுக்கு அந்தக் குரல் கேட்கவில்லையாம். அம்மா என் பக்கம் திரும்பி, "ராசுக்கு ஒரு கடுதாசி போடுப்பா" என்றாள். அதன்பிறகு சாகும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் பத்திரிகையில், பெட்டியில் படுத்திருந்த ஐயாவின் படம் வந்தது. முகத்தில் கண்ணாடி இல்லை. செத்தவருக்குக் கண்ணாடி எதற்கு என்பீர்கள், சரி, அதை விடுங்கள். ஆனால் அன்று மாலையே நான் டிவியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பேட்டரி வயர் இரண்டும் ஆணியில் சும்மா தொங்கின. டிவியைத் தொட்டேன், வெகுநேரம் ஓடியதுபோல் சூடாக இருந்தது.

இன்றைக்கும் செய்தி முடிந்து யாராவது வணக்கம் சொன்னால், பதில் சொல்லாமல் டிவியை அணைக்க எனக்குக் கை வருவதில்லை.