என் வீட்டுக்காரரின் சொத்துப் பட்டியல்

விவாகரத்து வழக்கில் புருஷனுடைய சொத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, எதிராளியின் பனியன் சைஸ் வரை நமக்குத் தெரியும் என்பதுதான் ஒரே வசதி. கோர்ட் வராந்தாவில் இதே பெஞ்சில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்கூட்டர், ஒரு பீரோ

வருமானம், சொத்து எல்லாவற்றையும் இருவரும் எழுதிக் கொடுக்கச் சொன்னது கோர்ட். மகள் நான்சியின் காலேஜ் ஃபீஸில் அவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும். சிறுசேரியில் மேனேஜராக இருக்கும் ஜெயசீலன், அதாவது என் வீட்டுக்காரர், எழுதிக் கொடுத்த சொத்து: பழைய ஸ்கூட்டர் ஒன்று, ஸ்டீல் பீரோ ஒன்று. குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறாராம். சம்பளமெல்லாம் கடனுக்கே போகிறதாம்.

அந்த பீரோ என் அம்மா கொடுத்தது என்று வக்கீல் குமாஸ்தாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அதையும் புடுங்கிக்கினா அந்தாளு பிளாட்பாரத்துல நிக்கணும்மா. பேப்பர்ல அப்டித்தான் கீது."

என் முறை

நானும் எழுத வேண்டுமே. கான்வென்டில் பழகிய கையெழுத்தில் வளையல், செயின், போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் என்று ஒன்று விடாமல் எழுதினேன். அவர் தரப்பிலிருந்து பதில் மனு வந்தது. நான் சிலவற்றை மறைத்துவிட்டேனாம். பதறிப்போய்ப் படித்தால், மிக்ஸி, இட்லி குக்கர், இரண்டு கேஸ் சிலிண்டர். வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் மடக்கிக் கேட்டேன். வெட்கமே இல்லாமல் சொன்னார்: "ஸ்டெல்லா, சத்தியப் பிரமாணம்னா எல்லாத்தையும் எழுதணும். உனக்கு இதெல்லாம் புரியாது."

சபை மாத இதழ்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச்சின் மாத இதழில் கடைசிப் பக்கம் காணிக்கைப் பட்டியல். யார், எதற்காக, எவ்வளவு என்று அச்சாகும். நான் அதைப் படிப்பது பக்தியால் அல்ல. அந்த மாதம், 'பெயர் வெளியிட விரும்பாதவர், இருநூறு' என்பதற்கு அடுத்த வரி: 'நாவலூரில் சொந்த ஃபிளாட் அருளிய தேவனுக்கு ஸ்தோத்திரம், திரு. ஜெயசீலன், பத்தாயிரம்.'

மூன்று முறை படித்துவிட்டு நான்சியிடம் நீட்டினேன். அவள் ஒரே முறைதான் படித்தாள். "அப்பா ஆண்டவர்கிட்ட மட்டும் ஒழுங்கா கணக்கு காட்டியிருக்காரும்மா."

அடுத்த வாய்தா

என் வக்கீல் இதழை நீட்ட, ஜட்ஜ் அம்மா அந்த வரியைப் படித்தார். ஃபிளாட் இன்னும் வரவில்லை, வருமென்ற விசுவாசத்தில் முன்கூட்டியே கொடுத்த காணிக்கை என்றார் ஜெயசீலன். சொல்லும்போதே காதைச் சொறிந்தார். பொய் சொன்னால் அப்படித்தான், இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஜட்ஜ் அம்மாவுக்கு அந்தக் காது புதிது. ஆனாலும் சொன்னார்: "வராத வீட்டுக்கே பத்தாயிரம் கொடுக்கிறவர், பெத்த பொண்ணு ஃபீஸை இந்த வாரமே கட்டிடலாமே. கட்டிட்டு, அடுத்த வாய்தாவுக்கு ஃபிளாட் பத்திரத்தோட வாங்க."

என் அனுபவத்தில், சொத்தை மறைக்கத் தெரிந்த ஆண்கள் ஏராளம், பீற்றிக்கொள்ளாமல் மறைக்கத் தெரிந்தவரைத்தான் இன்னும் சந்திக்கவில்லை.