பாதிப் பெட்டி நைனாவுக்கு

அந்தப் பெட்டியை அம்மா திறக்கவே விடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த என் தாய்மாமா, முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மடியில் வைத்த அட்டைப் பெட்டி அது. உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக்கில் செய்த குட்டிக் குட்டிச் செங்கற்கள். ஒவ்வொன்றின் தலையிலும் எட்டு மொட்டுகள். ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். மாமா இரண்டு கல்லைச் சேர்த்துக் காட்டியதுதான் தாமதம், அம்மா பெட்டியைப் பிடுங்கி, பீங்கான் கோப்பைகளுக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். எங்கள் தெருவில் சீமைச் சாமான் என்றால் அப்படித்தான். வருகிறவர்கள் பார்க்கவேண்டும், வீட்டில் இருக்கிறவர்கள் தொடக்கூடாது. எனக்கு அப்போது பத்து வயது. அலமாரிக் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அங்கே ஒரு அழுக்கு வட்டமே விழுந்திருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரைவிட்டுப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நைனா மில்லில் தறி ஃபிட்டர். எங்கள் ஊரில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று மில்லில் அவருக்குப் பெரிய பேர். அந்த வருஷம் வெயில் காலத்தில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் அவருடைய வலக்கை மாட்டிக்கொண்டது. கட்டுப் பிரித்தபோது நடுவிரலும் மோதிர விரலும் மடங்க மறுத்துவிட்டன. ஒரு நட்டைத் திருகக்கூட முடியவில்லை. மில் மேஸ்திரி வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் பூசி மெழுகத் தெரியாதவர். “ஆயுத பூச வரைக்கும் பார்ப்போம்டா. கை வேல செஞ்சா ஃபிட்டரு. இல்லன்னா கேட்டுல உக்காந்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தாலும் சோறு கிடைக்கும்தான். ஆனால் நைனாவுக்கு அது செத்துப்போவது மாதிரி. காலையில் மில் சங்கு ஊதினால் பழக்கத்தில் விசுக்கென்று எழுந்துவிடுவார், பிறகு கையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. நடுவில் சம்மணம் போட்டுக்கொண்டு நைனா! அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவேண்டுமா? “அது மாமா எனக்குக் குடுத்தது!” என்று கத்தினேன். அவர் நிமிரவில்லை. ஒரு சிவப்புக் கல்லை வலக்கையால் பிடித்து இன்னொன்றின் மேல் அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் வழுக்கி உருண்டது. எடுத்தார், மறுபடி உருண்டது. ஏழெட்டுத் தடவை ஆனபின், “கைக்கொழந்தகூட செய்யும்டி இத” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கை அடிபட்டதற்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து எங்கள் இரண்டு பேரையும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அதற்குள் பெட்டி சீமைச் சாமான் இல்லை, வீட்டுச் சாமான் ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் போர்தான். பகலெல்லாம் அவருக்கு, பள்ளிக்கூடம் விட்டால் எனக்கு என்று ஒப்பந்தம். ஆனால் கல் இருந்ததே கொஞ்சம். அவர் கட்டியதைப் பிரித்தால்தான் நான் கட்ட முடியும், நான் கட்டியதைப் பிரித்தால்தான் அவர் கட்ட முடியும். பெட்டிமேல் போட்டிருந்த படம் வெறும் வீடு. வீட்டை யார் கட்டுவார்கள்? நான் கடற்கரையில் பார்த்த கிரேனைக் கட்டினேன், நூல்கண்டுக் கட்டையைச் சக்கரமாக்கி, பூட்டுச் சாவியை மேலே தூக்கிக் காட்டினேன். மறுநாள் வந்தால் கிரேன் இல்லை, அதே கல்லில் மாவு மிஷின் நிற்கும். கைப்பிடிக்குக் குடைக் கம்பி. பெல்ட்டுக்குப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வளையமாக வெட்டிய ரப்பர். கையைக் கடித்த பெல்ட்டையே குட்டியாகச் செய்து அதை விரலால் சுண்டி ஓட்டுவார், “இப்பக் கடி பார்க்கலாம்!” என்று அதோடு வம்பும் பண்ணுவார். ஒருநாள் குடைக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒரு வெள்ளைக் கல்லில் ஓட்டையே போட்டுவிட்டார். வீடு முழுக்கக் கருகிய நாற்றம். என் கல்லில் ஓட்டை! அவரோடு காய் விட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த ஓட்டையில் கம்பி சுற்றி ஓடுவதைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கல்லில் ஓட்டை போடச் சொன்னதும் நான்தான்.

இன்று என் பேரன் இதே மாதிரிக் கற்களை, கூடவே வரும் புத்தகத்தைப் பார்த்து அதில் சொன்ன மாதிரியே கட்டுகிறான். மோட்டார், பல்சக்கரம், விளக்கு எல்லாம் பெட்டியிலேயே வருகிறது. கட்டி முடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு, “தொடாதீங்க ஆயா” என்கிறான். எனக்குக் கை பரபரக்கும்.

நைனா கடைசியில் கட்டியது ஒரு தறி. உள்ளங்கை இரண்டைச் சேர்த்துவைத்த அளவுதான். கைப்பிடியைச் சுற்றினால், இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவே இருந்த சந்தில் ஒரு வெள்ளைக் கல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா அதுதான். அதைக் கட்டிப் பிரித்து, கட்டிப் பிரித்து எத்தனை நாள் போயிற்று என்று தெரியவில்லை. அந்த இரண்டு விரலும் எப்போது மடங்க ஆரம்பித்தன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. சொன்னால் திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

ஆயுத பூசை அன்று மட்டும் மில்லுக்குள் குடும்பத்தோடு போகலாம். தறிகளையெல்லாம் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருப்பார்கள். தினமும் காதைக் கிழிக்கும் இடம் அன்று கோயில் மாதிரி அமைதியாக இருக்கும். நைனா தன் ஸ்பேனர்களையும் சுத்தியலையும் வரிசையாக வைத்து, நடுவில் எங்கள் குட்டித் தறியையும் வைத்தார். அவருக்கு அது ஒரு விண்ணப்பம் மாதிரி. மேஸ்திரி அதைப் பார்க்கவேண்டும், கை பழையபடி ஆகிவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும். கற்பூரம் காட்டி முடிந்ததும் மேஸ்திரி வந்து குனிந்தார்.

“இன்னாடா இது, தறியாட்டமே இருக்குது! ஓடுமா?”

“நீங்களே சுத்திப் பாருங்க மேஸ்திரி.”

மேஸ்திரி சுற்றினார். நாடா அசையவில்லை. கொஞ்சம் அழுத்திச் சுற்றினார். படாரென்று ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு, கல்லெல்லாம் தரையில் சிதறியது. அப்போதுதான் கவனித்தோம். காலையில் நாங்கள் புறப்படும் அவசரத்தில் இருந்தபோது அம்மா ஒரு கல் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். ஒன்றை விட்டால் சாமிக் குற்றம் ஆகிவிடுமாம். மொட்டுகளுக்கு இடையிலும் நாடா ஓடும் சந்திலும் சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனா கீழே குந்தினார். கூட்டத்தில் ஒரு பெரியவர், “பூசையில வெச்ச ஆயுதத்த நாளைக்குத்தாம்பா எடுக்கணும். கை வெக்காத” என்றார். நீட்டிய கை அப்படியே நின்றது. மேஸ்திரியின் பார்வை அந்த விரல்கள்மேல் போனது. “விடுடா. கேட்டு வேலையும் வேலதான்” என்று தணிந்த குரலில் சொன்னார். நைனாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ! “அது ஒண்ணும் ஆயுதமில்ல! என் வெளையாட்டுச் சாமான். எங்க மாமா எனக்குக் குடுத்தது. நைனா, நீ பிரி!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். நைனா என்னைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டி நுனியால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்து, ஊக்கு முனையால் மொட்டு மொட்டாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, கட்ட ஆரம்பித்தார். டக். டக். மில்லே வேடிக்கை பார்த்தது. ஒரு கல் உருண்டு என் காலடிக்கு வந்தது. நானே பொருத்திவிடலாம், வினாடி வேலை. பொருத்தவில்லை. அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தேன். அந்த இரண்டு விரலும் மடங்கி அதைப் பிடித்தன. மேஸ்திரி அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நைனா கைப்பிடியைச் சுற்றினார். நாடா ஓடியது.

“திங்கக்கெழம சங்கு ஊதறப்ப உள்ள இருக்கணும் நீ” என்றார் மேஸ்திரி. “உன் தறிங்கள கண்டவனும் கை வெச்சு ஆடிக்கினு கெடக்குது.”

வீடு திரும்பும்போது அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். என்னை மட்டும் நைனா சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஆள் தெரிகிறதோ இல்லையோ மணி அடித்துக்கொண்டே வந்தார். வீடு நெருங்கும்போது, “இனிமே பெட்டி முழுக்க உனக்குத்தான். நான் குறுக்க வரமாட்டேன்” என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். சைக்கிள் நின்றுவிட்டது.

“இன்னாடி! இத்தினி நாளா அதுக்குத்தானே சண்ட போட்ட?”

“எனக்கு முழுசா வேணாம்.”

அவர் மறுபடி பெடலை மிதித்தார். பிறகு, “அப்ப ஞாயித்துக்கெழம எனக்கு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தபோது, வாரம் முழுக்க நான் கட்டிய கிரேனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார் நைனா. அவர்மேல் மறுபடி மில் எண்ணெய் வாசம் அடித்தது. நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.