ஏழு மணிக் கதவு

இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று, நாற்காலிகளில் இருப்பவர்களைத்தான் பார்ப்பேன். எந்தப் பாட்டுக்கு யார் கைப்பேசியைக் கீழே வைக்கிறார், எந்த இடத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போகிறார், எப்போது பக்கத்து ஆளிடம் பேச்சு ஆரம்பிக்கிறது என்பதையெல்லாம் கவனிப்பதில் எனக்குத் தீராத ஆசை.

பார்ப்பதோடு விடமாட்டேன். பேருந்து நிறுத்தம், கிளினிக், மாதா கோயில் வாசல் என்று எங்கே யாரைக் கண்டாலும் கேட்பேன். கடைசியாக எப்போது டிக்கெட் வாங்கிப் பாட்டுக் கேட்டீர்கள்? யாரோடு போனீர்கள்? ஏன் பாதியில் எழுந்து வந்தீர்கள்? எங்கள் ஊர் தம்போயில் என்னைத் தூரத்தில் பார்த்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர்கள் சிலர் உண்டு. நான் அந்தப் பக்கமும் போவேன்.

நிகழ்ச்சி நடத்த வருமுன் பன்னிரண்டு வருடம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். பெட்டி ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏழு மணிக்குக் கிளம்பும். அந்தப் பழக்கத்தை அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன். நம் ஆட்கள் நிகழ்ச்சிக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி வருவதும், வந்த பிறகும் வாசலில் நின்று கதை பேசுவதும் எனக்கு ஆகவே ஆகாது. ஏழு மணி என்று போட்டால் ஏழு மணிக்கு முதல் பாட்டு. கதவு மூடப்படும். பிந்தி வந்தவர்கள் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியதுதான். டிக்கெட்டிலேயே தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தேன். எனக்குக் கோபக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் சிங்கப்பூரில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். விடியும் முன் எங்கள் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து போவார், இருட்டியபின் திரும்புவார். நான் வேலையை விட்டபோது, "சரி லா, உன் இஷ்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். ஆனால் நான் நடத்திய எட்டு நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. கேட்டால் "ஜாம்" என்பார், பாலத்தில் வண்டி நெரிசலாம். ஜொகூரில் எதற்கும் அந்த ஒரு சொல் போதும். பல் மருத்துவரிடம் போகாததற்கு ஜாம், சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போகாததற்கு ஜாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இது ஆண்கள் சொல்லும் சாக்கு என்று முடிவு கட்டியிருந்தேன். மனதுக்குள் அது முள்ளாகத்தான் இருந்தது.

கடைசி இரண்டு நிகழ்ச்சிகளில் டிக்கெட் விற்றிருந்தும் மண்டபம் பாதிகூட நிறையவில்லை. பழைய மேலாளர் என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று செய்தி அனுப்பியிருந்தார். இந்த ஒன்பதாவது நிகழ்ச்சியும் போனால் அந்த நாற்காலிக்கே திரும்பிவிடுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தை ஜொகூர்க்காரர்கள் மட்டுமே செய்ய முடியும். எங்களுக்குப் பல வருடங்கள் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. மறுநாளும் விடுமுறை, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்பதால் வெள்ளி மாலைதான் என் நாள். மண்டபத்தையும் கோலாலம்பூர்ப் பாடகியையும் பல மாதங்களுக்கு முன்பே ஒரு வெள்ளிக்குப் பேசி முடித்திருந்தேன். அப்புறம்தான் விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. வெள்ளி வேலைநாள் ஆனது. நான் அசையவில்லை. ஏழு மணிக்குள் யார்தான் வீடு வந்து சேரமாட்டார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வேலைநாள் என்பது ஐந்தரைக்கு முடிந்து, பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவிடும் தொழிற்சாலை வேலைநாள்.

டிக்கெட் முழுக்கப் போய்விட்டது. நானூறு பேர். ஆனால் அந்த வெள்ளி ஏழு மணிக்கு நான் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றபோது, எதிரே நாற்பது பேர்கூட இல்லை. அதில் பதின்மூன்று பேர் பாலம் கடக்கத் தேவையில்லாத ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து ஒரே வேனில் ஐந்து மணிக்கே வந்து இறங்கியவர்கள்.

கதவை மூடச் சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அடித்தது. கீபோர்டு வாசிப்பவர். பகலில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்.

"அக்கா, இன்னும் பாலத்துலதான் இருக்கேன். பஸ் நவுரவே மாட்டேங்குது. டிரம்ஸ் தம்பியும் பின்னால பஸ்ல இருக்கானாம்."

என் வாத்தியக்காரர்களில் தபேலாக்காரரைத் தவிர மற்றவர்கள் பாலத்தில். டிக்கெட் வாங்கியவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். ஒவ்வொருவராக, "ஜாம் லா", "இன்னும் கஸ்டம்ஸ்ல நிக்கறோம்", "கதவ மூடிடாதீங்க கா", "டிக்கெட் காசு போச்சா?" என்று போட்டிருந்தார்கள். எண்ண ஆரம்பித்தேன், முடியவில்லை. நானூறு பேரில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாலத்தின் மேல் நின்றுகொண்டு என் கதவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஒப்பனை அறைக்கு ஓடினேன். பாடகி பாதி ஒப்பனையில் இருந்தார். நிலைமையைச் சொன்னேன்.

"தபேலா மட்டும் இருக்கு. என்னம்மா பண்றது? சும்மா உக்காந்திருக்கட்டுமா எல்லாரும்?" என்றார்.

வெளியே வந்தால் ரெங்கத்து வேனில் வந்த ஒரு அம்மா முன்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

"ஏம்மா, பாட்டு எப்ப வேணாலும் வரட்டும். பாடறவங்கள வந்து உக்காரச் சொல்லு, சும்மா பேசிக்கிட்டாச்சும் இருப்போம். நாங்க எங்க ஓடப்போறோம்?"

பாடகி சிரித்தபடி ரப்பர் செருப்போடு மேடைக்கு வந்தார். பட்டுப்புடவைக்குக் கீழே அந்தச் செருப்பைப் பார்த்ததுமே கூட்டம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. அந்த அம்மாதான் முதலில் கேட்டார்.

"பாடறப்ப எதுக்கு ஒரு காதப் பொத்திக்கிறீங்க? வலியா?"

"இல்லம்மா. மத்த சத்தத்துல என் குரல் எனக்கே கேக்காமப் போயிடும். பொத்திக்கிட்டா உள்ளுக்குள்ள கேக்கும். நீங்களும் செஞ்சு பாருங்களேன்."

எல்லாரும் ஒரு காதை மூடிக்கொண்டு மெதுவாக முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரு திடுக்கிடல். தன் குரலைப் புதிதாகச் சந்தித்த முகங்கள் அவை. இத்தனை நிகழ்ச்சியில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சுருதி எப்படிப் பிடிப்பது, சுடுநீர் எதற்கு, வரி மறந்தால் என்ன செய்வீர்கள். வரி மறந்தால் என்ன செய்வார் என்பதைப் பாடகி பாடியே காட்டினார். வெறும் தபேலாவும் அவரும். மண்டபம் சிரித்து உருண்டது. மணி பார்க்க மறந்துபோனேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

எட்டு மணிக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கழுத்தில் வேலை அட்டை, கையில் ஹெல்மெட், தோளில் சாப்பாட்டுப் பை. கதவைத் திறந்தே வைத்து, வாசலில் நானே நின்றேன். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். "போங்க, போங்க, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றேன். கீபோர்டுக்காரர் வந்தார், டிரம்ஸ்காரர் வந்தார். மண்டபம் நிறைந்துகொண்டே இருந்தது.

கடைசியாக ஒருவர் படியேறி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. ஒரு காலை லேசாக நொண்டியபடி, டிக்கெட்டை நீட்டினார். என் கணவர்.

"பஸ்ஸ விட்டு இறங்கி நடந்தே வந்துட்டேன். உள்ள விடுவியா?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். கையைப் பிடித்து உள்ளே அனுப்பினேன். உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம், ஏன் சிலர் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பது தெரிந்தது. பிறகு அவரும் பொத்திப் பார்த்தார். அன்று கடைசிப் பாட்டுவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் சனி. வீட்டருகே கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். அவர் கால் பெருவிரலில் கொப்புளம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒம்பதாவதுக்காவது வந்தீங்களே. எட்டுல ஒண்ணுக்காச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு வாட்டி வந்தேன்."

"எப்ப?"

"அந்தக் கடைசி ரெண்டுக்கும். கதவு மூடியிருந்துச்சு. கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன், நீ செவத்தோரமா நின்னு ஆளுங்களையே பாத்துக்கிட்டிருந்த. நீ வேலையா இருக்கியேன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

தே தாரிக் தேநீர்க் கிளாஸை மேசையில் வைத்தேன். மண்டபத்துக்குள் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தைப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலிகளுக்கு உரியவர்களும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பார்கள்.

"ஏங்க சொல்லல?"

"ஜாம்னு சொன்னேனே. நீ அதுக்கு மேல கேக்கலயே."

ஊரில் சாலையைக் கடந்துபோய்க்கூடக் கேள்வி கேட்டவள் நான். தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து வருகிறவர் என் வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருக்கிறார். அவரிடம் 'ஏன் வரவில்லை' என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மேலாளருக்கு வேண்டாம் என்று அங்கேயே, மேசையிலிருந்தே செய்தி அனுப்பினேன். பிறகு, பேருந்து நிறுத்தத்தில் அந்நியர்களிடம் கேட்பதைப் போலவே கேட்டேன்.

"சரி, சொல்லுங்க. அடுத்தத எத்தன மணிக்கு வெச்சா உங்களால வர முடியும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இதற்காகவே பல நாள் காத்திருந்தவர் போலப் பதில் உடனே வந்தது.

"மணிய மாத்தாத. சனிக்கிழமைல வை, அன்னிக்குப் பாலம் கடக்க வேண்டியதில்ல. ஆறரைக்கே வந்து உக்காந்திருப்பேன் லா."