ஓவனுக்கு ஹோல்டு கிடையாது

மேகலா கெலமங்கலத்துக்காரி. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் நான். அந்தப் பெருமையோடுதான் ஓசூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவளுடையது ஒப்பந்த வேலை. அதை நீட்டிப்பதும் முடிப்பதும் டீம் லீடர் ஹரீஷ்குமார் கையில்.

போச்சம்பள்ளி ஆலை ஒன்றின் இயந்திரங்களை ஒரே திரையிலிருந்து இயக்கும் மென்பொருள் அது. எந்த இயந்திரமானாலும் கட்டாயம் செய்தாக வேண்டியதைச் சொல்வது இன்டர்ஃபேஸ். ஹரீஷ் அதில் ஸ்டார்ட், ஸ்டாப், ஹோல்டு என்று மூன்று மெத்தட், அதாவது கட்டளைகள், வைத்திருந்தார். எந்த இயந்திரத்துக்கு ஒன்று குறைந்தாலும் மென்பொருள் கம்பைல் ஆகாது. ஹோல்டு என்றால் தகடு அழுத்தும் பிரஸ் அப்படியே நிற்கும். பெயிண்ட் காயவைக்கும் ஓவன் நிற்காது. சூடும் இறங்காது, பொருள்களைச் சுமக்கும் சங்கிலியும் ஓடும். ஓவன் பகுதியை எழுதியது மேகலா.

“உள்ள ஒண்ணும் எழுதாம காலியா வுட்டுடு மேகலா. கம்பைல் ஆனா போதும்” என்றார் ஹரீஷ்.

“திரையில ‘ஹோல்டு ஆச்சு’ன்னு காட்டுமே சார். நம்பி எவனாச்சும் உள்ள கைய வுட்டா?”

“மத்தியானம் கஸ்டமர் வர்றாரு. இப்பதான் உனக்கு ஞானம் பொறக்குதா?”

அவர் நகர்ந்ததும் ஹோல்டை இன்டர்ஃபேஸிலிருந்து தூக்கினாள். நிற்கக்கூடிய இயந்திரங்களுக்கு மட்டும் அதைத் தனியாக வைத்தாள். ஒரு வரிதான் போனது. அதை நம்பியிருந்த இடமெல்லாம் உடைந்து, திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். சாப்பிடப் போகாமல் இருவரும் திருத்தினோம்.

“வேல போச்சுன்னு எங்கப்பாகிட்ட எப்பிட்றா சொல்லுவேன்?” என்றாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

கஸ்டமர் திரையைப் பார்த்தார். “ஓவனுக்கு ஹோல்டு பட்டன் எங்கம்மா?”

“கிடையாதுங்க. அதால முடியாது.”

ஹரீஷ் குறுக்கே விழுந்தார். “நாளைக்கே சேத்துடறோம் சார்.”

சாயங்காலம் மேகலாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஹரீஷ் என்னிடம் வந்தார். “ஆனந்த், நீ போட்டுடு. ரெண்டு வரி.”

“வேற ஆளப் பாருங்க சார்.”

“நீயுமாடா?” சிரித்தபடி அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவரே எழுதினார். ஒரு பிழையும் வரவில்லை. திரையில் ஓவனுக்குக் கீழே ஹோல்டு பட்டன் முளைத்தது.

வாசலில் நின்று அதைப் பார்த்த மேகலா கேட்டாள். “அந்த ஆலையில யாரையாச்சும் உனக்குத் தெரியுமாடா?”

“தெரியாதே.”

பஸ் ஸ்டாண்டில் கெலமங்கலம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் அதை விட்டுவிட்டு, போச்சம்பள்ளிக்கு வழியான கிருஷ்ணகிரி வண்டியில் ஏறினாள்.

“ஆலை கேட்ல உள்ள வுடுவாங்களா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“வுடலன்னா, ஷிப்டு முடிஞ்சு வெளிய வர்றவங்ககிட்ட சொல்றேன்.”